வீட்டுக்கு மரத்தரை தேர்ந்தெடுக்கிறது எப்படி? ஈரத்துல ஆரம்பிச்சு கலர்ல முடியுற முழு வழிகாட்டி

மரத்தரை போடலாம்னு மனசுல விழுந்த உடனே எல்லாரும் பண்ற முதல் வேலை, போன்ல படம் படமா பாத்து பிடிச்ச கலர சேவ் பண்ணி வச்சிக்கிறது தான். தப்பு சொல்லல, ஆசை அங்க தான ஆரம்பிக்கும். ஆனா அதே படத்த கடையில கொண்டு போய் காட்டினா அவங்க அந்த கலர்ல நாலு பலகைய எடுத்து டேபிள் மேல போடுவாங்க, நாலும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்கும், விலை மட்டும் எங்கயோ கீழ எங்கயோ மேல இருக்கும், ஏன் இவ்ளோ வித்தியாசம்னு கேட்டா "இது நல்ல க்வாலிட்டி, அது சாதா"ன்னு முடிச்சிடுவாங்க. நாலுல ஒண்ணு முழு மரம், ஒண்ணு மேல மட்டும் மரம், ஒண்ணு மரத்தோட போட்டோ ஒட்டினது, ஒண்ணுல மரமே கிடையாது. இது தெரியாம கலர பாத்து பில் போட்டா அப்புறம் ரொம்ப கஷ்டம்.

அதனால நான் வரிசையவே தலைகீழா மாத்த சொல்றேன். முதல்ல உங்க வீட்டு தரை, அப்புறம் ஈரம், அப்புறம் எந்த ரூம், அப்புறம் எந்த வகை, அதுக்கப்புறம் தான் எந்த மரம். கலர் கடைசி. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

படி 1: இப்ப இருக்குற தரைய சோதிங்க

மரத்தரை கெட்டுப்போற கேஸ்ல பெரும்பாலும் மரத்து மேல குத்தம் இருக்காது, கீழ இருந்து வர்ற ஈரம் தான் காரணமா இருக்கும். கான்கிரீட் பாக்க காஞ்ச மாதிரி இருக்கும், கால் வச்சாலும் காஞ்சு தான் இருக்கும், ஆனா உள்ள தண்ணி மாசக்கணக்குல நிக்கும். புது கான்கிரீட்டுக்கு பொதுவா சொல்ற கணக்கு, 25 எம்எம் கனத்துக்கு ஒரு மாசம். அப்ப 100 எம்எம் கான்கிரீட் போட்டிருந்தா கிட்டத்தட்ட 4 மாசம் ஆகும், காத்து ஈரமா இருக்குற இடத்துல இன்னும் இழுக்கும்.

வீட்டுலயே பண்ற சோதனை ஒண்ணு இருக்கு. 45 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் அளவுல கனமான பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணு வெட்டி, தரைய தூசி இல்லாம தொடச்சிட்டு, நாலு பக்கமும் காத்து போகாத மாதிரி டேப் போட்டு ஒட்டிடுங்க. குறைஞ்சது 16 மணி நேரம் அப்படியே விட்டுட்டு அப்புறம் உரிச்சு பாருங்க. ஷீட்டுக்கு அடியில முத்து முத்தா தண்ணி நின்னாலோ, அந்த சதுரம் மட்டும் சுத்தி இருக்குற தரைய விட கருத்து தெரிஞ்சாலோ இப்போதைக்கு மரம் வேண்டாம். ஒண்ணும் இல்லன்னா? அப்பவும் முழுசா நம்பிடாதீங்க, இது மேல்மட்டத்த மட்டும் தான் காட்டும். பெரிய தொகை செலவு பண்றீங்கன்னா தரையில துளை போட்டு கனத்துல 40 சதவீத ஆழத்துல சென்சார் இறக்கி உள்ள இருக்குற ஈரப்பதத்த அளக்குற டெஸ்ட் இருக்கு, அத கேளுங்க. நிறைய கம்பெனிங்க 75 சதவீதம் மாதிரி ஒரு வரம்பு போட்டிருப்பாங்க, நீங்க வாங்குற பலகையோட பெட்டியிலயோ கையேட்டுலயோ என்ன போட்டிருக்கோ அது தான் உங்களுக்கு கணக்கு, ஏன்னா வாரண்டி அதுல தான் மாட்டும்.

அடுத்தது மட்டம். நேரான நீள பட்டி ஒண்ண தரையில படுக்க வச்சு, அடியில வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. 3 மீட்டர் நீளத்துல 5 எம்எம்முக்கு மேல பள்ளமோ மேடோ இருந்தா முதல்ல அத சரி பண்ணணும். பள்ளத்து மேல போட்ட பலகை ஒவ்வொரு தடவ மிதிக்கும்போதும் உள்ள போயி வெளிய வரும், பலகைங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிற க்ளிக் பூட்டு அதுலயே தேஞ்சு உடையும், "டக் டக்"னு சத்தம் வேற. மேல ரெண்டு லேயர் ஃபோம் போட்டு மறைச்சிடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, மெத்து மெத்துன்னு இருந்தா பூட்டு இன்னும் சீக்கிரம் போகும்.

பழைய டைல்ஸ் மேலயே போடலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. டைல்ஸ் ஆடாம, தட்டினா பொள்ளு சத்தம் வராம, மட்டமா இருந்தா மிதக்குற வகைய, அதாவது தரையில ஒட்டாம ஆணி அடிக்காம சும்மா மேல விரிக்கிறத, போடலாம். ஆனா தரை 1 சென்டிமீட்டரோ 2 சென்டிமீட்டரோ ஏறும்ங்கிறத மறந்துடாதீங்க, எல்லா கதவையும் அறுக்க வேண்டி வரும், அலமாரி கதவு உட்பட.

படி 2: உங்க வீட்டு காத்து எப்படி?

மரம் வெட்டி பல வருஷம் ஆனாலும் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சிக்கிட்டும் வெளிய விட்டுக்கிட்டும் தான் இருக்கும். காத்துல ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தா மரத்துக்குள்ள ஈரம் சுமார் 9 சதவீதத்துல நிக்கும், 80 சதவீதம் ஆனா 16 சதவீதம் கிட்ட போகும், 30க்கு இறங்கினா 6. ஈரம் ஏறினா மரம் அகலத்துல விரியும், நீளத்துல கிட்டத்தட்ட அசையவே அசையாது.

எவ்ளோ விரியும்? 125 எம்எம் அகலமுள்ள சாதாரண வெட்டு ரெட் ஓக் பலகைய எடுத்துக்கங்க, உள்ள ஈரம் 4 சதவீதம் ஏறினா சுமார் 1.8 எம்எம் அகலம் கூடும். ஒரு பலகைக்கு இவ்ளோ தானேன்னு தோணும், ஆனா ரூம் அகலத்துக்கு 30, 40 பலகை வரிசையா இருக்கு, எல்லாம் ஒரே நேரத்துல தள்ளும், சுவர் கிட்ட இடம் விடலன்னா நடுவுல தூக்கிக்கிட்டு எழும்பும். தேக்கு இதுல பாதி அளவு தான் அசையும், தேக்குக்கு இருக்குற மரியாதைக்கு இது ஒரு முக்கியமான காரணம், வெறும் அழகு மட்டும் இல்ல.

கப்பிங்னு ஒரு பிரச்சனை கேள்விப்பட்டிருப்பீங்க. பலகையோட ரெண்டு ஓரமும் மேல தூக்கி நடு பள்ளமா இருக்கும், சாய்வா வெளிச்சம் அடிக்கும்போது தரை அலை அலையா தெரியும். மேல் பக்கத்த விட அடிப்பக்கம் அதிகமா ஈரமானா இது வரும். உடனே பாலிஷ் ஆளை கூப்பிட்டு மெஷின் வச்சு தேச்சு மட்டமாக்கிடுறாங்க, அது தான் பெரிய தப்பு. ஓரத்துல இருக்குற மரம் தேஞ்சு போயிடும், கொஞ்ச மாசம் கழிச்சு அடி காஞ்சு பலகை பழைய நிலைக்கு வரும்போது இப்ப நடு மேடாவும் ஓரம் பள்ளமாவும் நிக்கும். கப்பிங் வந்தா முதல்ல தண்ணி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிங்க, நிறுத்துங்க, காய விடுங்க. நிறைய நேரம் தானாவே ஓரளவு படிஞ்சிடும்.

வருஷம் பூரா ஈரப்பதம் பெருசா மாறாத வீடா, இல்ல சில மாசம் ரொம்ப ஈரமும் சில மாசம் ரொம்ப வறட்சியுமா மாறுற வீடா, ஏசி ஹீட்டர் ஓடுமான்னு கொஞ்சம் கவனிங்க. ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி ரூம்ல வச்சாலே தெரிஞ்சிடும். அதிகம் மாறுதுன்னா முழு மரத்த மறந்துட்டு, மேல மட்டும் நிஜ மரம் இருக்குற எஞ்சினியர்ட் பக்கம் வாங்க.

படி 3: வகைய முடிவு பண்ணுங்க

முழு மரம், அதாவது சாலிட் வுட். மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே துண்டு மரம், பொதுவா 18 முதல் 20 எம்எம். ப்ளைவுட் மேல ஆணி அடிச்சு போடுவாங்க, நேரா கான்கிரீட் மேல போடுறது ரிஸ்க். ஆயுசு அதிகம், பல தடவ தேச்சு புதுசாக்கலாம். கூடவே அதிகமா அசையுறதும் இது தான்.

எஞ்சினியர்ட் வுட். மேல நிஜ மரம், அடியில ப்ளைவுட்டோ, ஹெச்டிஎஃப்னு சொல்ற அழுத்தின மரத்தூள் பலகையோ. ப்ளைவுட்ல ஒவ்வொரு லேயரும் குறுக்க குறுக்க ஒட்டியிருக்குறதால ஒண்ணு விரிய பாத்தா அடுத்தது பிடிச்சிக்கும், அதனால ரொம்ப அசையாது. இதுல தான் கடைக்காரர் வார்த்தைய கூர்ந்து கேக்கணும். "எத்தனை எம்எம்?"னு நீங்க கேப்பீங்க, "14 எம்எம் சார், நல்ல கனம்"னு அவர் சொல்வார். அது மொத்த கனம். மேல இருக்குற நிஜ மரம் எவ்ளோங்கிறது தான் கேள்வி, அது 0.6 எம்எம்மாவும் இருக்கும், 6 எம்எம்மாவும் இருக்கும், ரெண்டும் வெளியில இருந்து பாத்தா ஒண்ணு தான். சாம்பிள திருப்பி பக்கவாட்டுல பாருங்க, மேல் லேயர் முடிஞ்சு ப்ளை ஆரம்பிக்கிற கோடு தெரியும், ஸ்கேல் வச்சு அளந்துடுங்க, வெக்கப்படாதீங்க. 1 எம்எம்முக்கு கீழன்னா ஒரு தடவ கூட மெஷின் போட முடியாது. 2 இருந்தா கவனமா ஒரு தடவ. 3, 4 இருந்தா தான் நிம்மதி.

இங்க ஒரு கணக்கு சொல்றேன், ரொம்ப பேர் யோசிக்கிறதில்ல. 19 எம்எம் முழு மரத்துலயும் நீங்க தேய்க்க முடிஞ்சது பலகைங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டுற அந்த நாக்குக்கு மேல இருக்குற மரம் மட்டும் தான், அது சுமார் 6 எம்எம். அதுக்கு கீழ இருக்குற மரம் சும்மா கனத்துக்கு தான். அப்ப மேல 4 எம்எம் நிஜ மரம் இருக்குற நல்ல எஞ்சினியர்ட் பலகை, ஆயுசுல முழு மரத்துக்கு அப்படி ஒண்ணும் குறைஞ்சு போகல. அதனால தான் கான்கிரீட் தரை இருக்குற சாதாரண வீட்டுக்கு என்னைய கேட்டா கண்ண மூடிக்கிட்டு இதத்தான் சொல்வேன்.

லாமினேட். இது மரத்தரைன்னு விக்கிறாங்க, ஆனா நடுவுல அழுத்தின மரத்தூள் பலகை, அதுக்கு மேல மரத்தோட படம் அச்சடிச்ச பேப்பர், அதுக்கு மேல தேயாத கண்ணாடி மாதிரி ஒரு படலம். 1970கள் கடைசியில ஸ்வீடன்ல பெர்ஸ்டார்ப்னு ஒரு கம்பெனி கொண்டு வந்தது. மட்டமா பேச வேண்டியதில்ல, கீறல் தாங்குறதுல நிஜ மரத்த விட இது தான் கெட்டி. குழந்தைங்க, நாய் இருக்குற வீட்டுக்கு நல்லாவே ஒத்து வரும். பெட்டியில ஏசி 1 முதல் ஏசி 5, 6 வரைக்கும் நம்பர் போட்டிருக்கும், குளிரூட்டி ஏசி இல்ல, தேய்மான அளவு. பெட்ரூமுக்கு ஏசி 3 போதும், ஹாலுக்கு ஏசி 4 பாருங்க. பலவீனம் தண்ணி. இணைப்பு வழியா உள்ள இறங்கி நடு பலகை ஊறி வீங்கினா காஞ்சாலும் பழையபடி ஆகாது, தேய்க்கவும் முடியாது, பலகையவே மாத்தணும்.

எஸ்பிசி, வினைல் எல்லாம் மரமே இல்ல, பிளாஸ்டிக்கும் கல்தூளும். தண்ணிக்கு பயப்படாது. மரத்தோட அந்த தொடுகை வேணும்னா ஏமாற்றமா இருக்கும், ஆனா தண்ணி புழங்குற இடத்துக்கு நேர்மையான தேர்வு.

மூங்கிலும் உண்டு. தாவரவியல்படி அது புல்லு. நாரா பிரிச்சு பசையோட அழுத்தி செய்ற ஸ்ட்ராண்ட் வோவன் வகை ஓக்க விட ரொம்ப கடினமா இருக்கும், பழுப்பு நிறத்துக்காக ஆவியில வேக வச்ச கார்பனைஸ்டு வகை அந்த அளவுக்கு இருக்காது. தரம் முழுக்க பசையில தான் இருக்கு.

படி 4: எந்த ரூமுக்கு

பெட்ரூம், ஹால், படிக்கிற ரூம் எல்லாத்துக்கும் எது வேணும்னாலும் போடலாம். குளியல் ரூமுக்கு எந்த மர வகையும் வேண்டாம், யார் என்ன சொன்னாலும். கிச்சன்ல சிந்தினத உடனே தொடைக்கிற பழக்கம் இருந்தா எஞ்சினியர்ட் போகலாம், நிஜமா சொல்லுங்க, உங்க வீட்டுல உடனே தொடைப்பாங்களா? வாசல் பக்கம் மண்ணும் தண்ணியும் செருப்போட வரும், அங்க ஒரு ஒன்றரை மீட்டர் கல்லோ டைல்ஸோ விட்டுட்டு உள்ள இருந்து மரத்த ஆரம்பிக்கிறது தான் புத்திசாலித்தனம். தரைக்கு கீழ ஹீட்டிங் இருக்குற வீடுன்னா எஞ்சினியர்ட் தான், மேல்பரப்பு சூடு 27 டிகிரிய தாண்டாம வச்சிக்கணும்.

படி 5: எந்த மரம்?

கடினத்தன்மைக்கு ஜான்கான்னு ஒரு அளவு இருக்கு, ஆஸ்திரியாக்காரர் கேப்ரியல் ஜான்கா 1906ல கொண்டு வந்தது. 11.28 எம்எம் விட்டமுள்ள இரும்பு குண்ட மரத்துக்குள்ள பாதி வரைக்கும் அமுக்க எவ்ளோ விசை வேணும்னு பாப்பாங்க. பவுண்ட் கணக்குல ரெட் ஓக் சுமார் 1290, வெள்ளை ஓக் 1360, ஹார்ட் மேப்பிள் 1450, ஹிக்கரி 1820. அமெரிக்கன் வால்நட் 1010, தேக்கும் கிட்டத்தட்ட அந்த ஆயிரத்த ஒட்டி தான். பைன் வகைங்க இன்னும் கீழ, வெள்ளை பைன் 400 கூட வராது.

இந்த நம்பர ஒரு அளவுக்கு மேல தூக்கி பிடிக்காதீங்க. இது பள்ளம் விழுறத மட்டும் தான் சொல்லும். கீறல் விழுறது மேல போட்ட ஃபினிஷ பொறுத்தது, விரியிறது வேற கதை. தேக்கு பட்டியல்ல நடுவுக்கும் கீழ தான் இருக்கு, ஆனா தரைக்கு தங்கமான மரம். எஞ்சினியர்ட்ல மேல் மரம் கடினமா இருந்தும் அடியில மட்டமான மெத்தை மரம் வச்சிருந்தா பள்ளம் விழத்தான் செய்யும். கூரான ஹீல்ஸ் கத எல்லா மரத்துக்கும் ஒண்ணு தான், 60 கிலோ ஆள் 1 சதுர சென்டிமீட்டர் ஹீல்ல நின்னா அந்த ஒரு புள்ளியில 60 கிலோவும் இறங்குது, எந்த மரம் தாங்கும்?

ஓக் வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓக்ல டானின் அதிகம், ஈரமான இரும்பு பட்டா ரசாயன மாற்றம் நடந்து மை கொட்டின மாதிரி கருப்பு கறை வரும். ஃபினிஷ் தேஞ்ச இடத்துல இரும்பு பூந்தொட்டி ஸ்டாண்ட் வச்சீங்கன்னா வட்டமா ஒரு கருப்பு வளையம் நிச்சயம்.

மரத்த எப்படி அறுத்திருக்காங்கங்கிறதும் முக்கியம். சாதாரணமா அறுத்தா அலை அலையா, கோபுரம் கோபுரமா ரேகை வரும். கால்வெட்டு, அதாவது குவார்ட்டர் சான் முறையில அறுத்தா ரேகை நேர் கோடா வரும், அகலத்துல அசையிறதும் பாதிக்கும் கீழ குறையும், ஆனா வேஸ்ட் அதிகம்ங்கிறதால விலை ஏறும். முடிச்சு, நிற வித்தியாசம் இல்லாதத ப்ரைம் கிரேடு, முடிச்சோட வர்றத ரஸ்டிக்னு சொல்வாங்க. ரெண்டும் உழைப்புல ஒண்ணு தான், பார்வைக்கு மட்டும் தான் வித்தியாசம். சொல்லப்போனா ரஸ்டிக்ல கீறல் விழுந்தா கண்ணுக்கே தெரியாது.

அகலமான பலகை இப்ப ஃபேஷன். எஞ்சினியர்ட்ல தாராளமா போங்க. முழு மரத்துல அகலம் கூட கூட இடைவெளியும் கப்பிங்கும் கூடும்.

படி 6: ஃபினிஷ்

ரெண்டு குடும்பம். ஒண்ணு மேல படலமா நிக்கிறது, பாலியூரிதேன், லாக்கர் எல்லாம். தண்ணி, கறை நல்லா தாங்கும், பராமரிப்பு கம்மி. கீறல் விழுந்தா வெள்ள கோடா தெரியும், அந்த இடத்த மட்டும் சரி பண்ண போனா ஒட்டு போட்டது தெரியும், கடைசியில ரூம் முழுக்க தேய்க்கணும். இன்னொண்ணு மரத்துக்குள்ள இறங்குற ஆயில், ஹார்ட்வாக்ஸ் ஆயில். இது அப்பப்ப திரும்ப பூசணும், ஆனா கீறல் விழுந்த இடத்த மட்டும் லேசா தேச்சு பூசினா கலந்துடும். சோம்பேறிங்களுக்கு லாக்கர், கையால வேலை செய்ய பிடிச்சவங்களுக்கு ஆயில், அவ்ளோ தான் என் தீர்ப்பு. பளபளப்பு மட்டும் எதுலயும் வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்துல ஒவ்வொரு தூசியும் கால் தடமும் தெரியும். மேட் எடுங்க.

படி 7: இப்ப கலர்

கடை லைட்ல பாத்து முடிவு பண்ணாதீங்க. குறைஞ்சது மூணு நாலு முழு பலகை கேட்டு வாங்கி, உங்க ரூம்ல சுவர் ஓரமா இல்லாம தரையில படுக்க வச்சு, காலையில, மதியம், ராத்திரி லைட் போட்டும் பாருங்க. ஒரு துண்ட எடுத்து சாவியால கீறுங்க, ஒரு சொட்டு தண்ணி விட்டு ராத்திரி பூரா விடுங்க. கருப்பு தரை போட்டோல ராஜா மாதிரி இருக்கும், வீட்டுல தூசிய விளம்பரப்படுத்தும்.

மரம் அதே கலர்ல நிக்காதுங்கிறதும் தெரிஞ்சிக்கங்க. செர்ரி வெளிச்சம் பட பட கருக்கும், வால்நட் வெளுக்கும், புது தேக்குல இருக்குற திட்டு திட்டான நிறம் வெளிச்சத்துல சமமாகும். அதனால முதல் கொஞ்ச மாசம் கார்ப்பெட்ட ஒரே இடத்துல போட்டு வைக்காம நகத்திக்கிட்டே இருங்க.

படி 8: வாங்கும்போதும் போடும்போதும்

அளவோட நேரா போட 5 முதல் 10 சதவீதம், ஹெரிங்போன் மாதிரி மீன் முள் வடிவ டிசைன்னா 15 சதவீதம் வரைக்கும் கூடுதலா வாங்குங்க, எல்லா பெட்டியும் ஒரே பேட்ச்சான்னு நம்பர் பாருங்க. ப்ளைவுட்டும் ஹெச்டிஎஃப்பும் பசை போட்டு செய்றது, அதுல இருந்து ஃபார்மால்டிஹைடுங்கிற கெடுதலான வாயு வரும், அது குறைவா தான் வரும்னு காட்டுற ஈ1 இல்லன்னா கார்ப் 2 முத்திரை இருக்கறத மட்டும் எடுங்க. காட்ட அழிக்காம எடுத்த மரமான்னு பாக்க எஃப்எஸ்சி முத்திரை இருக்கு.

பூச்சு, பெயிண்ட் மாதிரி ஈர வேலை எல்லாம் முடிஞ்சு காஞ்ச பிறகு தான் பலகை வீட்டுக்குள்ள வரணும். லாமினேட்னா பெட்டிய அதே ரூம்ல படுக்க வச்சு 48 மணி நேரம் விட்டா பொதுவா போதும். முழு மரத்துக்கு நாள் கணக்கு பாக்காதீங்க, ஈர மீட்டர் வச்சு பாருங்க, 75 எம்எம்முக்கு மேல அகலமான பலகைன்னா அதுக்கும் கீழ இருக்குற ப்ளைவுட்டுக்கும் 2 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது.

வேலை நடக்கும்போது பக்கத்துல நின்னு மூணு விஷயம் பாருங்க. கான்கிரீட் மேல ஈரம் தடுக்குற பாலித்தீன் ஷீட் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வந்து டேப் ஒட்டியிருக்கணும். சுவர சுத்தி, தூண் கிட்ட, கதவு நிலை கிட்ட எல்லாம் 8 முதல் 12 எம்எம் இடைவெளி இருக்கணும், ஸ்கர்ட்டிங் அத மறைச்சிடும், அந்த ஸ்கர்ட்டிங்க சுவர்ல தான் அடிக்கணும், தரையில அடிச்சா இடைவெளி விட்டும் பிரயோஜனம் இல்ல. பக்கத்து பக்கத்து வரிசையில பலகை முனைங்க ஒரே கோட்டுல வராம குறைஞ்சது 30 சென்டிமீட்டர் தள்ளி வரணும். மிதக்குற தரை மேல கிச்சன் கேபினெட் மாதிரி நகராத கனத்த ஏத்தி பூட்டிடாதீங்க, ஒரு பக்கம் மாட்டிக்கிட்டா இன்னொரு பக்கம் பிரியும்.

போட்ட பிறகு சொட்டச் சொட்ட துடைக்கிறதும் ஸ்டீம் மாப்பும் வேண்டாம், நல்லா பிழிஞ்ச துணி போதும். மேஜை நாற்காலி காலுக்கு அடியில ஃபெல்ட் ஒட்டுங்க, அதுல மண்ணு ஒட்டினா உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், அப்பப்ப மாத்துங்க. மிச்சமான பலகைய தூக்கி போடாம ஒரு பெட்டி அளவுக்கு காஞ்ச இடத்துல படுக்க வச்சு வையுங்க, நிறுத்தி வச்சா வளைஞ்சிடும், பேட்ச் நம்பர் இருக்குற ஸ்டிக்கர கிழிக்காதீங்க, நாலு வருஷம் கழிச்சு ரெண்டு பலகை மாத்தணும்னு வரும்போது அந்த மாடலே கடையில இருக்காது.